பயிர் சாயும் பக்கம்

சாக்கை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தியதும் வழக்கம்போலக் கண்ணில் ஒன்றும் இல்லை. கை இருக்கிறது, காது இருக்கிறது, வாயில் கட்டிய துணிக்குள் என் மூச்சு சுடுதண்ணீர் ஆவி மாதிரி எனக்கே திரும்பி வருகிறது. முளைப்பாரி வீட்டுக்குள் பேசக் கூடாது, பயிர்மேல் எச்சில் தெறிக்கக் கூடாது, அதற்குத்தான் வாய்க்கட்டு. விளக்கும் ஆகாது. வெளிச்சம் பட்டால் பயிர் பச்சையாகிவிடும். பச்சையான பாரி ஆத்தாளுக்கு ஆகாது. வெள்ளையும் மஞ்சளுமாக, பிள்ளை விரல் எலும்பு மாதிரி நீண்டு வர வேண்டும். காப்புக் கட்டின ஒருத்திதான் உள்ளே வரலாம், இந்தக் கதவைக்கூட வேறு ஒருத்தி தொடக் கூடாது. அவள் வயசுக்கு வராத பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் நின்றுபோனவளாக இருக்க வேண்டும். இந்த வருஷம் நான். ஊரே தேர்ந்தெடுத்து என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டது. முதலில் குடத்தைத் தடவிச் செம்பை எடுக்க வேண்டும், பிறகு வலது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சட்டியாகத் தெளிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடும். தொடையில் ஏதோ ஈரம். வேர்வைதான். சித்திரை மாசம், தகரக் கதவு, ஓட்டுக் கூரை, வேர்க்காமல் என்ன செய்யும். வெளியே வேப்ப மரத்தடியில் பவுனுத்தாய் அக்கா புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு காவல் இருக்கிறாள். கொட்டை தகர டப்பாவில் விழும் சத்தம் கேட்கிறது. ஒன்று விழுகிறது, பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை, பிறகு ஒன்று. அவளுக்கு இளைப்பு, இந்தச் சாணிப்புழுதிக்குள் வந்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும், இல்லையென்றால் காலமெல்லாம் அவள்தான் கட்டியிருப்பாள் காப்பை. வேர்வைதான். வேர்வை முழங்காலுக்குப் பின்னால் வழியும், முதுகில் வழியும். இது ஒரு இடத்தில் மட்டும் வழிகிறது. செம்பு எங்கே. இந்தா இருக்கிறது.

முதலில் பார்த்தது, சட்டிகளில் விதை தூவி முத்துப் போட்ட மறுநாள் காலையில். உள்பாவாடையில், காசு அகலம்கூட இல்லை, காப்பித்தூள் நிறத்தில். கொடிக்கம்பியின் துரு என்று நினைத்தேன். நம் வீட்டுக் கொடிக்கம்பி துருப்பிடித்ததுதான், இவர் வேஷ்டியில்கூட அந்தக் கறை உண்டு. பிறகு வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன், ஆனால் நான் வெற்றிலை போடுவதை விட்டு ரொம்ப காலம் ஆகிவிட்டது. மோந்து பார்த்தேன். அந்த வாசனையை ஒரு பொம்பளை மறப்பாளா. மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். என்னுடையது இல்லை. வீட்டில் இருப்பது நானும் இவரும்தான், அப்படியென்றால் யாருடையது. பகல் வேளையில் வெறும் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தேன், யாரோ ஒரு பெண் எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து இருந்துவிட்டுப் போகிறாள் என்கிற மாதிரி. குளியலறைக் கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாள் இல்லை. போய்விட்டது, சூடு, உடம்புச் சூடு என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் குடித்தேன். அதற்கு அடுத்த நாள் இருந்தது. மாசாமாசம் வருவது நின்றது மகள் நித்யா கல்யாணத்துக்கு முந்தின வருஷம். நின்றபோது நான் அழவில்லை, விடுதலை என்றுதான் இருந்தேன், துணியெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டேன். எனக்கு அது முதன்முதலில் வந்த அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். ஆறாம் வகுப்பு, பரீட்சைக்குக்கூட விடவில்லை, சிலேட்டு மாதிரி என்னைக் கழுவி மூலையில் சாத்தி வைத்தார்கள். அது நின்ற பிறகுதான் இந்தக் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள். இப்போது அது திரும்பி வந்து நிற்கிறது என்றால் யார் கூப்பிட்டது. சட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டுடையது. இது மில் வாச்மேன் வீட்டுச் சட்டி, இது டெய்லர் வீடு, இது பிள்ளை இல்லாத அந்த போஸ்ட்மேன் பெண்சாதி கொடுத்தது, கொடுக்கும்போது என் கையைப் பிடித்து அழுதாள். தீட்டுப் பட்ட கையால் இதற்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன். வெளியே தெரிந்தால் அத்தனையையும் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்ட வேண்டும், கோயில் பொங்கல் நின்றுவிடும், வருஷம் முழுக்க எந்த வீட்டில் எது நடந்தாலும் என் பெயரைச் சொல்வார்கள். டெய்லர் மகன் பைக்கில் விழுந்தால் நான்தான். மழை பெய்யாவிட்டாலும் நான்தான்.

ஆனால் தீட்டுப் பட்டால் பயிர் அழுக வேண்டும் அல்லவா. அழுகவில்லை. தடவிப் பார்க்கிறேன், முழங்கை உயரத்துக்கு வந்துவிட்டது. இத்தனை சீக்கிரம் இத்தனை உயரம் வந்து நான் பார்த்ததில்லை. நுனி விரலில் படும்போது ஈரமாக, குளிர்ச்சியாக, நாக்கு மாதிரி இருக்கிறது. நான் மூச்சு விட்டால் அசைகிறது. இதை வெளியே சொன்னால் சந்தோஷப்படுவார்கள். எனக்கு மட்டும் பயிர் எதைக் குடித்து இப்படி வளர்கிறது என்று ஓடுகிறது. கிணற்றுத் தண்ணீரைத்தானே ஊற்றுகிறேன். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் மத்தியானம் நடந்ததுதான் காரணமோ. காப்புக் கட்டிய பிறகுதானே விரதம், அது முந்தின நாள்தானே, தாலி கட்டின புருஷன்தானே. இருந்தாலும் நாளைக்குக் காப்பு என்று தெரிந்தே இருந்தேன். இவருக்கு மில்லில் வேலை முடிந்து வீட்டோடு வந்த பிறகு, நித்யாவும் ஓசூருக்குப் போன பிறகு, வீட்டில் திடீரென்று நாங்கள் இரண்டு பேரும்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம். ஒரு நாள் இவர் கை வந்து என் கைமேல் இருந்தது. ரொம்ப வருஷம் கழித்து. நான் கையை எடுக்கவில்லை. அதை யாரிடம் சொல்ல முடியும், எனக்கும் வேண்டியிருந்தது என்று. பவுனுத்தாய் அக்கா கும்மி கொட்டும் இடத்தில் பெண்களை வைத்துக்கொண்டு கேலி பேசுவாள், நமக்கெல்லாம் கடையை அடச்சாச்சுத்தா, இனிமே யாரு வந்து கதவத் தட்டுனாலும் சரக்கு இல்லன்னு சொல்லிற வேண்டியதுதான் என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. அடைத்த கடைக்குள் விளக்கு எரிகிறது என்று தெரிந்துவிடுமோ என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வேன். ஆனால் வேண்டும் என்பது மனசுக்குத்தான், உடம்புக்கு அது கேட்கவில்லை. உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. சிராய்ப்பில் கல்லுப்பை வைத்துத் தேய்த்த மாதிரி. தேங்காய் எண்ணெய் வைத்துப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். தலையணை உறையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். இவர் நின்றுவிட்டார். வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்று சொன்னால்தான் மறுபடி வருவார் என்றா சொன்னேன், இல்லை, வலிக்கிறது என்று சொன்னால் நான் கிழவியாகிவிட்டேன் என்று ஆகிவிடும் என்றா. அதற்குப் பிறகு ஒன்றுக்குப் போனால் எரியும், இரண்டு நாள் கால் அகட்டித்தான் நடப்பேன். பவுனுத்தாய் கேட்டால் மூட்டு வலி என்பேன். அதுதான் கிழிந்து ரத்தம் வருகிறதோ. இந்த வயசில் ஆசைப்பட்டதற்கு ஆத்தாள் கொடுத்த கூலியோ. அப்படி என்றால் காப்புக் கட்டும்போதே என் கையைத் தட்டிவிட்டிருக்கலாமே அவள். தட்டிவிடவில்லை. உள்ளே கூப்பிட்டு வைத்துப் பயிரை வளர்க்கிறாள்.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது அந்த டாக்டரம்மா கேட்டது இப்போதும் காதுக்குள் இருக்கிறது. நித்யாவைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட இருக்கும், மூக்குத்தி இல்லாத மூக்கு, வாட்ச் கட்டின மெலிந்த கை. பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, அது நின்று எவ்வளவு நாளாச்சும்மா, அதுக்கப்புறம் எப்பவாவது பட்டுச்சா என்றாள். அன்றைக்குப் பட்டிருக்கவில்லை, இல்லை என்றேன், அது உண்மை. அடுத்து, வீட்டுக்காரரோடு இருக்கும்போது வலி, எரிச்சல் ஏதும் இருக்கா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கதவுக்குப் பதில் பச்சைத் திரைதான் தொங்குகிறது. அதெல்லாம் இல்லங்க, அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு என்றேன். பவுனுத்தாயின் வாய் என் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டு பேசின மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே சொன்னாள், நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு காஞ்சு போகும்மா, எல்லாருக்கும்தான், வெட்கப்பட ஒண்ணுமே இல்ல, அதுக்குத் தடவுற மருந்து இருக்கு, வலியோட இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. பிறகு பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஆனா ரத்தம் மட்டும் ஒரு சொட்டுப் பட்டாலும் வந்திரணும். வலி இல்லன்னாலும் வரணும். பத்துப் பேர் வந்தா ஒன்பது பேருக்குப் பயப்பட ஒண்ணும் இருக்காது, அந்தப் பத்தாவது ஆளு சீக்கிரம் வந்தா காப்பாத்திரலாம். சீக்கிரம் வரணும், அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன். மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அந்தச் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்தேன். அது என் பின்னாலேயே வந்திருக்கிறது. ஒரு சொட்டு. செம்பிலிருந்து தண்ணீர் சொட்டும்போதெல்லாம் கேட்கிறது. இப்போது செம்பைக் கீழே வைத்துவிட்டேன், ஆனாலும் எங்கோ சொட்டுகிறது. புளியங்கொட்டையாக இருக்கும். இல்லை, அது தகரத்தில் விழும் சத்தம், இது மண்ணில் விழும் சத்தம். சட்டியின் அடி ஓட்டையில் தண்ணீர் வடிகிறது. அப்படித்தான் இருக்கும். நான் ஒன்பதில் ஒருத்தி. நான் எப்போதும் கூட்டத்தில் ஒருத்தியாகத்தானே இருந்திருக்கிறேன், தனியாக ஒன்றுக்கும் என்னைக் கூப்பிட்டதில்லையே. இந்த வருஷம்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

எனக்கு முன்னால் இதைச் செய்தது சோலையம்மா மதினி. இவருடைய அக்கா. பக்கத்துத் தெருதான். நின்றுபோன பிறகு மூன்று திருவிழாவுக்கு அவள்தான் காப்புக் கட்டினாள். கடைசித் திருவிழாவில் இந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது அவள் முகம் வெளுத்து, உள்ளே இருக்கும் பயிர் மாதிரியே இருக்கும். பெண்கள் அதைப் பார்த்துவிட்டு முகத்தில் தேஜஸ் வந்திருச்சு என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள் போல. ஒரு நாள் கிணற்றடியில் வைத்து என் காதோடு சொன்னாள், ஏ வெள்ளத்தாயி, பயிரெல்லாம் எம் பக்கமே சாயுதுடி, நான் உக்காந்திருக்கிற பக்கமே குனியுது, ஆத்தா என்னைக் கூப்பிடுறா. சொல்லும்போது அவள் கண்ணில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம் முளைப்பாரி மாதிரி எந்த வருஷமும் வந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஊர்வலத்தில் அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள், நானும் வாங்கினேன். நடக்கும்போது தொடையோடு தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு சின்னச் சின்ன எட்டாக வைத்தாள், தலையில் சட்டி இருப்பதால் பதமாக நடக்கிறாள் என்று நினைத்தோம். ஆடியில் படுத்தாள். அறைக்குள் போனால் மல்லிகைப்பூ அழுகின மாதிரி ஒரு வாசனை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புற்று கர்ப்பப்பையைத் தாண்டிப் போய்விட்டது, இனிமேல் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். தீபாவளிக்கு அவள் இல்லை. பவுனுத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு ஆத்தா எடுத்துக்கிட்டா, ஆத்தா எடுத்துக்கிட்டா என்று அழுதாள், அது ஊருக்கே ஆறுதலாக இருந்தது. குளிப்பாட்டினது நானும் இன்னும் இரண்டு பேரும். இடுப்பில் துணியை எவ்வளவு தடிமனாக மடித்து வைத்திருந்தாள். கிழிந்த சேலை ஒவ்வொன்றும் நாலாக எட்டாக மடித்து, அத்தனை ஒழுங்காக. எத்தனை நாள் அப்படி வைத்திருந்தாளோ. அவள் வீட்டுக்குப் பின்னால் கொடியில் எந்நேரமும் துணி காய்ந்தது என் கண்முன்னால் வந்தது. அப்போது எனக்கு அது என்னவென்று தெரியவில்லை, படுக்கையில் கிடந்ததால் வந்த வியாதி என்று நினைத்தேன். இப்போது நானும் துணி மடிக்கிறேன். நேற்று மடிக்கும்போதுதான் பார்த்தேன், நாலாக, எட்டாக, அதே மாதிரி ஓரத்தை உள்ளே தள்ளி மடித்திருக்கிறது என் கை. யார் சொல்லிக்கொடுத்தது என் கைக்கு.

அவள் உட்கார்ந்த பலகை இன்னும் இங்கேதான் கிடக்கிறது, கதவை ஒட்டி, சாக்குக்கு முன்னால். முழங்கால் வலிக்கு நானும் அதில்தான் உட்கார்ந்தேன். முத்துப் போட்டு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முளை விட்ட பயிரைத் தடவினால் எல்லாம் ஒரே பக்கம் குனிந்திருந்தது. பலகைப் பக்கம். அன்றைக்கு என் உடம்பில் ஓடின குளிர் இன்னும் போகவில்லை. அவளைக் கூப்பிட்ட மாதிரி என்னையும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும், ஆத்தாளிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா, ஆஸ்பத்திரி பச்சைத் திரைக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியுமா. இருந்தாலும் ஒரு திருட்டு யோசனை. இடத்தை மாற்றி உட்கார்ந்து பார்க்கலாம் என்று. முந்தாநாளிலிருந்து நான் பலகையில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரின் மூலையில், மண்ணில், சுவரைப் பார்த்துத் திரும்பிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். பயிர் என் முதுகுப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கத்தான். இன்றைக்குத் தண்ணீர் தெளித்து முடித்துவிட்டு ஒவ்வொரு சட்டியாகத் தடவுகிறேன். திரும்பவில்லை. வாச்மேன் வீட்டுச் சட்டி, டெய்லர் வீட்டுச் சட்டி, போஸ்ட்மேன் வீட்டுச் சட்டி, எல்லாம் பலகைப் பக்கமே குனிந்திருக்கிறது. நேற்றைவிடக் கூடுதலாகக் குனிந்திருக்கிறது. நான் அங்கே இல்லை. இரண்டு நாளாக அங்கே யாரும் இல்லை. அப்படியென்றால் பயிர் குனிவது என்னைப் பார்த்து இல்லை. யாரைப் பார்த்து. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் அங்கே. மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்கிறேன், இன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை, திரும்பினால் பின்னால் வந்து நிற்குமோ என்று இருக்கிறது. தொடை ஈரம் முழங்கால் வரைக்கும் இறங்குகிறது, கையால் துடைத்துக்கொள்கிறேன். செம்புத் தண்ணீராக இருக்கும். பலகையைப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே பார்க்கிறேன். மில்லில் மத்தியானச் சங்கு ஊதுகிறது. சங்கு ஓய்கிற நேரத்தில் பலகைக்கு மேலே, ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் நெற்றி இருக்கும் உயரத்தில், ஒரு பொட்டுத் தெரிகிறது. வட்டமாக, செம்மண் நிறத்தில். மதினி அப்படித்தான் பெரிதாகக் குங்குமம் வைப்பாள். பொட்டு மட்டும் இருக்கிறது, முகம் இல்லை. இத்தனை பயிரும் அந்தப் பொட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது.

கத்தினால் துணிக்குள்ளேயே போய்விடும். கத்தவில்லை. மதினி, நான் திருநீறு வாங்கினேனே உன்னிடம், என்னை என்ன செய்யப் போகிறாய். பொட்டு அசையவில்லை. கண்ணைச் சிமிட்டினாலும் போகவில்லை. பொட்டைச் சுற்றிச் சாக்கின் நூல் ஒவ்வொன்றாகத் தெரிகிறது, குறுக்கும் நெடுக்குமாக. குங்குமத்தில் எங்கேயாவது நூல் ஓடுமா. அப்போதுதான் ஒன்று தோன்றியது, கண் பழகிவிடும் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேனே, கண் பழகுவதற்கும் ஏதாவது ஒரு துளி வெளிச்சம் வேண்டாமா. கிணற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் பழகுமா. எழுந்தேன். சட்டிகளுக்கு நடுவே காலை வைத்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு, அவள் நெற்றியைத் தொடுவதற்குப் போனேன். சூடாக இருந்தது. ஒரு நிமிஷம் அது உயிருள்ள தோலின் சூடு என்றே நினைத்தேன். சாக்கு. அதை விலக்கினால் பின்னால் தகரத்தில் துருப்பிடித்து உதிர்ந்த ஒரு ஓட்டை, கட்டைவிரல் போகிற அளவு. உச்சி வெயிலின் வெளிச்சம் அதன் வழியாக உள்ளே வருகிறது. பயிர் போக நினைத்தது இங்கேதான். மதினியையும் இல்லை, என்னையும் இல்லை, வெளிச்சத்தைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. அதற்கு முன்னால் பலகையைப் போட்டு, அவளும் நானும் மாறி மாறித் தலையால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, எங்களைத்தான் கூப்பிடுகிறது என்று இருந்திருக்கிறோம். ஓட்டைக்கு நேரே என் கை இருந்தது. கையில் வெயில் விழுந்தது. உள்ளங்கை முழுக்க, விரல் இடுக்கு வரைக்கும், சிவப்பு. காப்பித்தூள் நிறம் இல்லை, துரு இல்லை, செம்புத் தண்ணீர் இல்லை. நல்ல சிவப்பு. இவ்வளவு நாளும் இருட்டிலேயே துடைத்துக்கொண்டிருந்ததை முதல்முறையாக வெயிலில் பார்க்கிறேன். என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வாய் கட்டியிருந்தது. இடது கையால் முடிச்சை அவிழ்த்தேன்.

கதவைத் திறந்தபோது வெயில் முகத்தில் அறைந்தது. பவுனுத்தாய் அக்கா புளியோடு நிமிர்ந்து பார்த்தாள், முதலில் என் வாயைப் பார்த்தாள், கட்டு இல்லை என்று. என்னத்தா, வாயை அவுத்துட்ட, கதவச் சாத்து, வெயில் உள்ள போகுது பாரு என்றாள். நான் கையைக் காட்டினேன்.

"அக்கா, எனக்குப் பட்டிருக்கு. முத்துப் போட்டதுல இருந்தே பட்டுது."

அவள் அலறுவாள், ஊரைக் கூட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் தெருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? கையக் கழுவிட்டு உள்ள போ. யாருக்குத் தெரியப் போகுது. சோலையம்மாளும் இப்படித்தான் வந்து நின்னா, அழுதா. தண்ணிய விடுத்தா, ஆத்தா பாத்துக்குவான்னு அனுப்புனேன். அந்த வருசம் பயிர் எப்படி வந்துச்சு பாத்தீல்ல?"

புளியங்கொட்டை ஒன்று டப்பாவில் விழுந்தது. அவள் பொய் சொல்லவில்லை, கெட்டதும் நினைக்கவில்லை, அவள் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்து அவள் புளித் தட்டில் வைத்தேன். ஏத்தா, கதவு, கதவு என்று எழுந்தாள். காப்பு இல்லாத கை அந்தக் கதவைத் தொடக் கூடாது, அவள் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள். இப்போது என் கையும் தொடக் கூடாத கைதான். திரும்பிப் பார்த்தேன். வாசல் வெயில் பலகை வரைக்கும் போய் விழுந்திருந்தது. பலகையில் ஒருத்தரும் இல்லை. அதற்கு அந்தப் பக்கம் அத்தனை பயிரும், வெள்ளை வெளேரென்று, வாசலைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு நின்றது. சாயங்காலத்துக்குள் பச்சையாகிவிடும். ஆகட்டும்.

டாக்டரம்மா இன்னும் கொஞ்ச நேரம்தான் இருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் வீடு இருக்கிறது. இவர் முன்அறையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் விழவும் நிமிர்ந்தார். என்ன புள்ள, காப்பு எங்க, கையில என்னது ரத்தம், எங்க விழுந்த என்று எழுந்து வந்தார்.

"விழல. அன்னிக்கு வலிக்குதான்னு கேட்டீகள்ல, வலிச்சது" என்றேன். "இது என்னோடதுதான். சட்டையப் போடுங்க."